87 ஆ, 91 ஆ? அப்பாவோடு ஒரு காஸ் ஸ்டேஷன் சண்டை



போன எபிசோட்டில் மின்சாரக் கார்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, "எங்கட அப்பா இப்பவும் கொரோலாவுக்கு 91 தான் அடிக்கிறார்" என்று போகிற போக்கில் சொல்லிப்போட்டேன். ஒரே ஒரு வசனம். அந்தக் கிழமை வந்த மெசேஜ்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். "எங்கட அப்பாவும் அப்பிடித்தான் அண்ணா." "எங்கட மாமா கொஸ்ட்கோ காஸ் எண்டாலே மூக்கைச் சுளிப்பார்." "உண்மையிலேயே மலிவான காஸ் எஞ்சினைப் பழுதாக்குமா?" பட்டரி பற்றி ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

சரி, இந்தக் கிழமை அதைப் பற்றியே எழுதுகிறேன். டெஸ்லா வைத்திருக்கிறவர்கள் லீவு எடுக்கலாம்.

சண்டை தொடங்கின இடம்

ஒரு சனிக்கிழமை. டொலார்-டெ-ஓர்மோவில் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வாற வழியில் அப்பா காஸ் அடிக்க நிறுத்தினார். வழமை போல பெரிய பிராண்ட், வழமை போல 91. பலகையைப் பார்த்தேன். 87 க்கும் 91 க்கும் லீற்றருக்கு 22 சதம் வித்தியாசம். கார் 2012 கொரோலா. 2014 இல் செக்கன்ட் ஹான்டாக வாங்கினது. அப்பா கிழமைக்கு ஒரு தரம், கிட்டத்தட்ட 40 லீற்றர் அடிப்பார்.

எனக்கு இருக்கிற கெட்ட பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஃபோனை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். 40 லீற்றர், 22 சதம், 52 கிழமை. வருசத்துக்கு 457 டொலர் 60 சதம். 11 வருசத்துக்கு 5,000 டொலருக்கு மேல். முந்தி விலை வித்தியாசம் இவ்வளவு இருந்திருக்காது, அரைவாசி என்று வைத்தாலும் 2,500 டொலர். பனிக்காலத்தில் ஹீட்டரைக் குறைத்துவிட்டு ஸ்வெட்டர் போடச் சொல்லுற மனுசன், 2,500 டொலரை காஸ் டாங்குக்குள்ள ஊத்தியிருக்கிறார்.

"அப்பா, இந்தக் காருக்கு 87 காணும். புத்தகத்திலயே போட்டிருக்கு."

"மலிவு மலிவுதான் தம்பி. நல்லதைக் குடுத்தாத்தான் அது நிண்டு பிடிக்கும். 11 வருசமா ஒரு நாள் றோட்டில நிண்டதா?"

நிற்கவில்லைதான். ஆனால் கொரோலா எதை ஊத்தினாலும் றோட்டில் நிற்காது என்பதும் உலகத்துக்கே தெரிந்த விசயம். கோட் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை பழக்கம். பக் வராததுக்குக் காரணம் நாங்கள் போட்ட ஃபிக்ஸா, அல்லது முதலே பக் இல்லையா?

வீட்டுக்கு வந்து யோசித்தபோது ஒன்று விளங்கியது. நாங்கள் இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தோம். முதலாவது, 87 ஐ விட 91 நல்லதா? இரண்டாவது, மலிவான ஸ்டேஷனின் 87 ஐ விடப் பெரிய பிராண்டின் 87 நல்லதா? இரண்டுக்கும் விடை வேறு வேறு.

அந்த நம்பர் என்ன சொல்லுது?

எஞ்சின் சிலிண்டருக்குள் பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்து அமுக்கப்படும். சரியான நேரத்தில் ஸ்பார்க் பிளக் நெருப்பு வைக்கும். அந்த நெருப்பு ஒழுங்காகப் பரவ வேண்டும். ஆனால் அமுக்கமும் சூடும் கூடினால், நெருப்பு வந்து சேர முதலே ஒரு மூலையில் இருக்கிற கலவை தானாகவே வெடித்துவிடும். அதைத்தான் 'நொக்' என்று சொல்லுவார்கள். பேணிக்குள்ள மாபிள் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம் வரும். கனநாள் விட்டால் பிஸ்டனுக்குக் கூடாது.

ஒக்டேன் நம்பர் சொல்லுவது ஒன்றே ஒன்றைத்தான்: தானாக வெடிக்காமல் எவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும் என்பதை. நம்பர் கூடினால் பொறுமை கூட, அவ்வளவுதான். 91 க்குள் கூடின சக்தி இல்லை. அது கூடச் சுத்தமானதும் இல்லை. 'பிரீமியம்' என்று பெயர் வைத்தது மார்க்கெட்டிங் ஆக்கள். 'நொக் தாங்கும் பெற்றோல்' என்று எழுதியிருந்தால் அப்பா திரும்பியும் பார்த்திருக்க மாட்டார்.

எங்கட பாசையில் சொன்னால், எக்செல் மட்டும் திறக்கிற லாப்டொப்புக்கு 64 ஜிபி ராம் போடுகிற மாதிரி. ராம் நல்லதுதான். ஆனால் கேட்காத புரோகிராமுக்கு அதால் ஒரு பிரயோசனமும் இல்லை.

இது என் அபிப்பிராயம் மட்டும் இல்லை. எங்களுக்கு சிஏஏ இருக்கிற மாதிரி அமெரிக்காவில் இருக்கிற வாகன ஓட்டிகள் சங்கம் ஏஏஏ, 2016 இல் இதை ஆய்வுகூடத்தில் சோதித்தது. 87 க்கென்று வடிவமைத்த நாலு, ஆறு, எட்டு சிலிண்டர் எஞ்சின்களுக்கு பிரீமியம் ஊத்திப் பார்த்தார்கள். சக்தியிலும் சரி, எரிபொருள் செலவிலும் சரி, புகையிலும் சரி, சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. தேவையில்லாமல் பிரீமியம் அடித்து அமெரிக்கர்கள் ஒரு வருசத்தில் வீணாக்கின காசு 210 கோடி டொலருக்கு மேல் என்று கணக்குப் போட்டார்கள். அப்பா தனி ஆள் இல்லை.

இந்த இடத்தில் எங்கட ஆக்களின் ஒரு விசேட குழப்பத்தையும் சொல்ல வேண்டும். "ஊரில 92, 95 எல்லாம் அடிச்சனாங்கள், இங்க 87 தான் விக்கிறாங்கள், என்ன கூடாத பெற்றோல்!" என்று ஒரு மாமாவாவது உங்களுக்குச் சொல்லியிருப்பார். இலங்கையில் பம்பில் எழுதுவது 'றிசர்ச் ஒக்டேன்' என்ற அளவு. கனடாவிலும் அமெரிக்காவிலும் எழுதுவது, அந்த அளவையும் அதைவிடக் கடுமையான 'மோட்டர் ஒக்டேன்' சோதனையின் அளவையும் கூட்டி இரண்டால் பிரித்த சராசரி. ஆகவே ஊரின் 92, இங்கத்தைய 87 க்குக் கிட்டத்தட்டச் சமன். ஊரின் 95, இங்கத்தைய 91 க்குக் கிட்ட. செல்சியஸும் ஃபாரன்ஹைட்டும் மாதிரி அளவுகோல்தான் வேறு, பெற்றோல் இல்லை.

மண்ணெண்ணெயில் ஓடின ஏ40

இவ்வளவையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் வைத்து அப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன். கிராஃப் எல்லாம் காட்டினேன். அவர் சோறைப் பிசைந்துகொண்டே கேட்டார். முடிய, "ஒக்டேன் எனக்குத் தெரியும் தம்பி. நீ படிச்சுத் தெரிஞ்சனி, நாங்கள் தள்ளித் தெரிஞ்சனாங்கள்" என்றார்.

உங்களில் பல பேர் இங்கே பிறந்தவர்கள், ஆகவே கொஞ்சம் பின்னணி. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கின பிறகு வடக்குக்கு அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்டது. தடைப் பட்டியலில் பெற்றோலும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் போத்தில் கணக்கில், பொன் விலைக்கு விற்றது. மண்ணெண்ணெய் அளவோடு கிடைத்தது. எங்கட ஆக்கள் காரை மண்ணெண்ணெயில் ஓட்டப் பழகினார்கள். கார்பரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணுவது, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. வெள்ளைப் புகை, கண் எரிச்சல், ஏற்றம் கண்டால் இழுக்காது. ஆனால் ஓடியது.

ஏன் ஓடியது? இதுவும் ஒக்டேன் கதைதான். ஒஸ்டின் ஏ40 மாதிரிப் பழைய கார்களின் எஞ்சின் கலவையை ஏழு மடங்குக்குக் கொஞ்சம் கூடத்தான் அமுக்கும். மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு. ஆனாலும் அந்தக் குறைந்த அமுக்கத்தில் நொக் அடித்து அடித்தாவது சமாளித்தது. இன்றைக்கு கனடாவில் விற்கும் கொரோலாவின் 2 லீற்றர் எஞ்சின் 13 மடங்கு அமுக்கும். அதுக்கு மண்ணெண்ணெய் காட்டினால் அந்த இடத்திலேயே கதை முடிந்தது. இன்னொரு விசயம், மண்ணெண்ணெய் குளிரில் இலகுவாக ஆவியாகாது. எஞ்சின் ஆறியிருந்தால், அந்தச் சில துளி நல்ல பெற்றோல் இல்லாமல் ஒன்றும் நடக்காது.

அந்தச் சில துளிதான் அப்பாவின் கதை. எனக்கு 35 வயது. இதை நான் முதல் தரம் கேட்டது அந்த ஞாயிற்றுக்கிழமை.

1992. மானிப்பாய். பெரியப்பாவிடம் ஒரு ஏ40 இருந்தது. ஸ்டார்ட் பண்ணுகிற பெற்றோலை ஒரு சின்ன மருந்துப் போத்திலில் வைத்திருப்பார்கள். அது முடிந்தால் வாங்கி நிரப்புவது அப்பாவின் பொறுப்பு. அந்தக் கிழமை ஒருத்தன் மற்றவர்களை விட 20 ரூபா குறைத்துக் கேட்டான். அப்பா கெட்டிக்காரத்தனமாக அவனிட்டை வாங்கினார். இரண்டு நாள் கழித்து, இரவு 11 மணிக்கு அப்பம்மாவுக்கு நெஞ்சு வலி. காரை எடுக்கப் போனால் எஞ்சின் பிடிக்கவில்லை. போத்திலை மணந்து பார்த்தால் பெற்றோல் மணத்தை விட மண்ணெண்ணெய் மணம்தான் கூட. ஒழுங்கை முடியும் வரைக்கும் தள்ளினார்கள். பிறகு றோட்டில் தள்ளினார்கள். கடைசியில் யாரோ ஒருத்தருடைய லாண்ட்மாஸ்டரை எழுப்பி, பெட்டியில் பாய் விரித்து, அப்பம்மாவைப் படுக்க வைத்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஒன்றரை மணித்தியாலம் வீணாகப் போனது.

அப்பம்மா தப்பிவிட்டா. 2003 வரைக்கும் இருந்தா. கடைசி வரைக்கும் அந்த 20 ரூபா கதை அவவுக்குத் தெரியாது.

"இங்க வந்து முதல் கார் வாங்கேக்க ஒண்டு நினைச்சனான்," என்றார் அப்பா. "பெற்றோலில மட்டும் இனி மிச்சம் பிடிக்கிறேல்லை எண்டு."

நான் கிராஃபை மூடி வைத்தேன்.

எல்லாம் ஒரே குழாயா?

ஆனால் அந்தக் கதை என்னை இரண்டாவது கேள்விக்குக் கொண்டு வந்தது. அப்பாவின் உண்மையான பயம் 87 இல்லை, கலப்படம். மலிவாக விற்கிறவன் எதையோ கலக்கிறான் என்ற பயம். மொன்றியலில் அந்தப் பயத்துக்கு இடம் இருக்கிறதா?

தீவின் கிழக்கு மூலையில் மொன்றியல்-எஸ்ட் இருக்கிறது. நெடுஞ்சாலை 40 இல் போகும்போது பெரிய பெரிய டாங்குகளும் கோபுரங்களும் தெரியுமே, அந்த இடம். ஒரு காலத்தில் அங்கே ஆறு சுத்திகரிப்பு ஆலைகள் இருந்தன. 1980 களில் ஒவ்வொன்றாக மூடினார்கள். ஷெல் தன்னுடைய ஆலையை 2010 இல் மூடி, சேமிப்பு முனையமாக மாற்றியது. இப்போது மிச்சம் சன்கோர் நிறுவனத்தின் ஆலை ஒன்றுதான். நாளுக்கு 137,000 பீப்பாய் கொள்ளளவு. அதைவிட்டால் கியூபெக் மாகாணத்தில் இருக்கும் மற்ற ஆலை, கியூபெக் சிட்டிக்கு எதிர்க் கரையில் லெவியில், வலேரோ நிறுவனத்துடையது. அங்கிருந்து மொன்றியல்-எஸ்டுக்குக் கிட்டத்தட்ட 240 கிலோமீற்றர் நீளக் குழாய் 2012 இன் கடைசியிலிருந்து ஓடுகிறது. கப்பலில் வருவதும் உண்டு.

ஆகவே றோட்டில் எத்தனை பெயர்ப்பலகை இருந்தாலும் ஆலை இரண்டே இரண்டு. கம்பனிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதும் வழமை: எனக்கு இங்கே தா, உனக்கு அங்கே தருகிறேன். குழாய்க்குள் போகிற பெற்றோலுக்குப் பெயர் இல்லை, தரம் மட்டும்தான்.

நண்பன் ஒருத்தனின் அண்ணா பெற்றோல் லொறி ஓட்டுகிறவர். அவரிடம் கேட்டேன். "அடிப் பெற்றோல் ஒண்டுதான் தம்பி. லொறிக்கு ஏத்தேக்க, எந்தக் கடைக்குப் போகுதெண்டு சிஸ்டத்தில இருக்கும். அதுக்கேத்த மருந்து, ஏத்திற இடத்திலயே சேரும். மருந்தும் கொஞ்சம்தான்."

லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு உடனே விளங்கும். கேர்னல் ஒன்று, மேலே டிஸ்ட்ரோ வேறு வேறு. பிராண்டின் வித்தியாசம் முழுக்க அந்தக் 'கொஞ்ச மருந்தில்' இருக்கிறது.

அப்படியென்றால் விலை ஏன் வேறு? வாடகை, லாப வீதம், எவ்வளவு விற்கிறார்கள் என்பது, பக்கத்துச் சந்தியில் யார் இருக்கிறார்கள் என்பது. கியூபெக்கில் எரிசக்திச் சபை ஒவ்வொரு கிழமையும் பகுதிவாரியாக ஒரு குறைந்தபட்ச விலையைக் கணித்து வெளியிடுகிறது. பெரிய கம்பனிகள் அடிமாட்டு விலைக்கு விற்றுச் சின்னக் கடைகளை மூடப் பண்ணக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். மொன்றியல் பகுதியில் பொதுப் போக்குவரத்துக்காக லீற்றருக்கு 3 சதம் மேலதிக வரியும் இருக்கிறது. ரொறன்ரோவுக்குப் போகும்போது எல்லோரும் லங்காஸ்டர் தாண்டி அடிப்பது அதனால்தான். ஒன்டாரியோ காஸ் மலிவு என்று யாரும் அதைக் கூடாத காஸ் என்று சொல்லுவதில்லை, கவனித்தீர்களா?

விலை தரத்தைக் காட்டாது என்பதுக்கு இன்னொரு சாட்சி. 2008 இல் கனடாவின் போட்டிப் பணியகம் விக்டோரியாவில், தெட்ஃபோர்ட் மைன்ஸ், ஷேர்புரூக், மகோக் ஆகிய கியூபெக் நகரங்களின் பெற்றோல் விற்பனையாளர்கள் மீது குற்றச்சாட்டுப் பதிவு செய்தது. ஆளுக்காள் ஃபோன் எடுத்து விலையைப் பேசி வைத்திருந்தார்கள். பணியகம் அந்த ஃபோன்களை ஒட்டுக்கேட்டிருந்தது. பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பலகையில் கூடின நம்பர் இருந்ததுக்குக் காரணம் நல்ல பெற்றோல் இல்லை, நல்ல ஃபோன் தொடர்பு.

சவர்க்காரம்தான் விசயம்

இப்போது அந்த 'மருந்துக்கு' வருவோம். பெற்றோல் எரியும்போது வால்விலும் இன்ஜெக்டரிலும் கறுப்பாகப் படியும், தோசைக்கல்லில் கரி பிடிக்கிற மாதிரி. அதைத் தடுக்கச் சேர்ப்பதுதான் டிடேர்ஜன்ட், சவர்க்காரம் மாதிரி ஒன்று. அமெரிக்கா 1995 இலிருந்து ஒரு குறைந்தபட்ச அளவைக் கட்டாயமாக்கியது. அது காணாது என்று கார்க் கம்பனிகளே முறைப்பட்டன. 2004 இல் பிஎம்டபிள்யூ, ஜிஎம், ஹொண்டா, டொயோட்டா நாலும் சேர்ந்து 'டொப் டியர்' என்று ஒரு கடுமையான தரத்தைக் கொண்டு வந்தன. அந்த முத்திரை வேண்டுமென்றால் ஒரு பிராண்ட் தன்னுடைய எல்லா ஒக்டேனுக்கும் அந்த அளவு மருந்து போட வேண்டும். 91 க்கு மட்டும் போட்டுவிட்டுத் தப்ப முடியாது.

ஏஏஏ 2016 இல் இதையும் சோதித்தது. 4,000 மைல் ஓட்டத்துக்குச் சமமான சோதனைக்குப் பிறகு பார்த்தால், டொப் டியர் அல்லாத பெற்றோல் விட்ட படிவு 19 மடங்கு கூட. பத்தொன்பது! இங்கே அப்பாவுக்கு ஒரு பொயின்ட். பெற்றோலுக்குப் பெற்றோல் வித்தியாசம் உண்மையிலேயே இருக்கிறது.

ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு நம்பர். இரண்டு வகைக்கும் இடையில் ஒரு வருசச் சராசரி விலை வித்தியாசம் கலனுக்கு 3 சதம். லீற்றருக்கு ஒரு சதம் கூட இல்லை. அப்பா கூடக் கொடுத்தது லீற்றருக்கு 22 சதம்.

அந்தப் பட்டியலில் ஷெல், எஸ்ஸோ எல்லாம் இருக்கிறது. கொஸ்ட்கோவும் இருக்கிறது. ஆம், மாமா மூக்கைச் சுளிக்கிற அதே கொஸ்ட்கோ. மலிவு என்றபடியால் கூடாது என்றும் இல்லை, விலை கூட என்றபடியால் நல்லது என்றும் இல்லை. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பட்டியல் மாறும், ஆகவே டொப் டியர் தளத்தில் ஒருக்கால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன விலக்கு. உங்கள் எஞ்சின் 'டிரெக்ட் இன்ஜெக்‌ஷன்' மட்டும் என்றால், பெற்றோல் நேரே சிலிண்டருக்குள் போகும், காற்று உள்ளே வரும் வால்வைத் தொடாது. அந்த வால்வை எந்த மருந்தும் கழுவாது. இன்ஜெக்டரைச் சுத்தமாக வைத்திருக்க மருந்து அப்பவும் உதவும். ஆனால் '91 போட்டு வால்வைக் கழுவுங்கோ' என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள்.

நானும் ஒழுங்கில்லை

இவ்வளவும் எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பொய்க்காரன் ஆகிவிடுவேன்.

அப்பாவுக்குக் கிளாஸ் எடுத்த அதே கோடையில் நான் ஒரு பழைய ஜெர்மன் டர்போ கார் வாங்கியிருந்தேன். மூன்று மாதம் 87 தான் அடித்தேன். ஏஏஏ ரிப்போர்ட் படித்த ஆள் அல்லவா! யூலையில் ஒரு நாள் நெடுஞ்சாலை 15 இல் லோரன்டைட் மலைப் பக்கம், நாலு பேரையும் கூலரையும் ஏற்றிக்கொண்டு போனேன். வெளியில் 33 பாகை, ஏசி ஃபுல். ஏற்றத்தில் அந்தச் சத்தம் கேட்டது. பேணிக்குள் மாபிள்.

சென்-லோரனில் ஒரு தமிழ் மெக்கானிக் அண்ணாவிடம் கொண்டு போனேன். அவர் எஞ்சினைத் தொடக்கூட இல்லை. பெற்றோல் மூடியைத் திறந்து உள்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். குறைந்தபட்சம் 91.

"வாசிக்கத் தெரியும்தானே?"

பிறகு ஸ்கானரைப் பூட்டிக் காட்டினார். எஞ்சினில் நொக் சென்சர் என்று ஒரு சாமான் இருக்கிறது. அது ஒரு மைக் மாதிரி, எஞ்சினின் அதிர்வைக் கேட்டுக்கொண்டே இருக்கும். நொக் கேட்டால், கார்க் கம்பியூட்டர் ஸ்பார்க்கைக் கொஞ்சம் பிந்த வைக்கும். எஞ்சின் தப்பும், ஆனால் சக்தி குறையும், பெற்றோல் கூடக் குடிக்கும். என்னுடைய கார் மூன்று மாதமாக இப்படித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஏற்றம், சூடு, பாரம் மூன்றும் சேர்ந்த அன்றைக்கு அதாலும் ஏலாமல் போய்விட்டது.

அண்ணாவிடம் அப்பாவின் கதையையும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து லிஃப்டில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

"கொப்பர் வீணாக் காசு குடுத்தவர். நீ வீணாக் காசு மிச்சம் பிடிச்சனி. ரெண்டு பேரும் மூடியைத் திறந்து வாசிக்கேல்லை."

'ரெக்குவயர்ட்' என்று எழுதியிருந்தால் 91 கட்டாயம். 'ரெக்கமென்டட்' என்று எழுதியிருந்தால் அது உங்கள் விருப்பம். அந்த இரண்டாவது வகைக் கார்களை ஏஏஏ 2017 இல் சோதித்தது. பிரீமியம் போட்டதால் எரிபொருள் சிக்கனம் சராசரியாக 2.7 வீதம் கூடியது. விலையோ எங்கட பக்கத்தில் பத்து வீதத்துக்கு மேல் கூட. கணக்கை நீங்களே போடுங்கள்.

ஃபிரிட்ஜில் ஒட்டி வைக்க

ஒன்று. பெற்றோல் மூடியின் உள்பக்கத்தை அல்லது கையேட்டைப் பாருங்கள். 87 என்று இருந்தால் 87. அதுக்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு சதமும் நன்கொடை.

இரண்டு. 91 கட்டாயம் என்று இருந்தால் 91. என்னை மாதிரி விளையாட வேண்டாம்.

மூன்று. பிராண்டைப் பார்க்காதீர்கள், டொப் டியர் முத்திரையைப் பாருங்கள்.

நாலு. "விடிய வெள்ளன அடிச்சா குளிரில கன பெற்றோல் வரும்" என்ற கதையை விடுங்கள். கனடாவில் பெரும்பாலான பம்புகள் அளவை 15 பாகைக்குத் திருத்தித்தான் காட்டும். பம்பிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

ஐந்து. கொஸ்ட்கோ லைனில் 25 நிமிசம் எஞ்சினை ஓட விட்டு நிற்பதும் செலவுதான். 45 லீற்றருக்கு 10 சதம் மிச்சம் என்றால் நாலரை டொலர். உங்கள் நேரத்துக்கு என்ன விலை என்று நீங்களே முடிவெடுங்கள்.

அப்பா என்ன செய்தார் என்று கேட்பீர்கள். நான் அவரை ஒன்றும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு சனிக்கிழமை கொரோலாவின் மூடியைத் திறந்து இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தோம். டொப் டியர் பட்டியலை ஃபோனில் காட்டினேன். அந்த லொறி ஓட்டுகிற அண்ணாவோடு அப்பாவைக் கதைக்கவும் வைத்தேன். எந்த ஆலை, எந்தக் குழாய், யார் சோதிக்கிறது, சோதிக்காவிட்டால் யார் கேட்கிறது என்று அரை மணித்தியாலம் விசாரித்தார். என்னுடைய கிராஃபை அவர் அப்படி ஒரு நாளும் விசாரித்ததில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது, அவர் 11 வருசமாகக் கேட்டது ஒக்டேனைப் பற்றி இல்லை. "இதுக்கு யார் பொறுப்பு?" என்பதுதான் அவருடைய கேள்வி. 1992 இல் அதுக்கு விடை இல்லை.

அடுத்த கிழமையிலிருந்து 87 அடிக்கத் தொடங்கினார்.

ஒரே ஒரு விலக்கு மட்டும். ரொறன்ரோவுக்கு வெளிக்கிடுகிற நாளில் மட்டும் இன்னும் 91. போன மாதம் நானும் கூடப் போனேன். பம்படியில் நின்று என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லுவேன் என்று.

"அடியுங்கோ அப்பா," என்றேன்.

40 லீற்றர், 22 சதம். 8 டொலர் 80 சதம். வருசத்தில் நாலைந்து தரம். அந்தக் காசுக்கு அவர் 540 கிலோமீற்றர் நிம்மதியாக ஓட்டுவார். அந்தக் கணக்கு எனக்குச் சரியாகத்தான் வருகிறது.

உங்கள் வீட்டு 91 கதைகளை அனுப்புங்கள். அடுத்த எபிசோட்டில் வாசிக்கிறோம்.